வீட்டில செய்யிற ஜிஞ்சர் பியருக்கு எங்கட பிராண்ட் பேரில போட்டி வைக்கலாமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

சோடாக்காரன்:

வணக்கம். நான் கொழும்பில ஒரு சின்னப் பானக் கம்பனியில மார்க்கெட்டிங் பாக்கிறன், கம்பனிப் பேர் இப்போதைக்கு வேண்டாம். நெல்லிக் கிரஷ், நன்னாரி, கொஞ்ச நாளா ஜிஞ்சர் பியரும் (பேரில பியர் இருந்தாலும் இஞ்சிப் பானம்தான்) அடிக்கிறம். எங்கட முதலாளிக்கு இப்ப ஒரு யோசினை பிடிச்சிட்டுது. அமெரிக்காவில பியர்க் கம்பனியள் வீட்டில காய்ச்சிற ஆக்களுக்குப் போட்டி வைச்சு வெண்ட ஆளின்ர ரெசிப்பிய எடுத்துத் தாங்களே காய்ச்சிக் கடையில விக்கிறாங்களாம், அதை நாங்களும் செய்வம் எண்டுறார். முதல்ல பியரே வைப்பம் எண்டவர், நான் சண்டை பிடிச்சு ஜிஞ்சர் பியருக்கு இறக்கியிருக்கிறன், ஆனா மனுசன் இன்னும் "பெரியாக்களுக்கு ஒரு தனிப் பிரிவு" எண்டு இழுத்துக்கொண்டுதான் நிக்கிறார்.

நத்தாருக்கு முதல், நவம்பர் கடைசியில, வெள்ளவத்தை பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு ஹோல் எடுத்து ஒரே நாளில முடிக்கிற பிளான். 40 பேர் போத்தல் கொண்டு வந்தாலே பெரிய விசயம். எனக்கு விளங்காதது என்னெண்டா ஜட்ஜ் பண்ணுறது எப்பிடி, ஆரைப் பிடிக்கிறது, ஒரு ஆளிட்ட எத்தினை போத்தல் கேக்கிறது, காசு வாங்கிறதா இல்லையா, வெண்டவருக்கு என்ன குடுக்கிறது, அந்த ரெசிப்பி பிறகு எங்கடயா அவற்றயா, எல்லாமேதான். சமையல் போட்டி மாதிரி மூண்டு பிரபலங்களைக் கூப்பிட்டு இருத்தி போட்டோ எடுத்தாக் காணும் எண்டு ஒபிசில சொல்லினம், எனக்கு மனசு ஒப்பேல்ல.

புதுக்கடை லோயர்:

தம்பி அந்த "பெரியாக்கள் பிரிவ" முதல்ல வெட்டி எறியும். இங்க மதுவரிச் சட்டம் 1912ல இருந்து இருக்கு, லைசன்ஸ் இல்லாமல் மதுசாரம் காய்ச்ச ஏலாது, வீட்டில தனக்கு மட்டும் எண்டாலும் அதே கதைதான். அதுக்கு மேல 2006ம் ஆண்டு 27ம் இலக்கச் சட்டம், புகையிலை மதுசார அதிகார சபைச் சட்டம் எண்டு ஒண்டு, மதுசாரத்துக்கு விளம்பரமும் ஏலாது ஸ்பொன்சரும் ஏலாது. ஒரு கம்பனி போஸ்டர் அடிச்சு, ஆக்களக் கூப்பிட்டு, "காய்ச்சிக்கொண்டு வாங்கோ பரிசு தாறம்" எண்டா ரெண்டு சட்டத்துக்கும் ஒரே நாளில வேலை குடுக்கிறியள். உங்கட முதலாளிக்கு இதைக் கடதாசியில எழுதியே குடும்.

அமெரிக்காவில நடக்குது எண்டுறார், சரி, அங்கயும் சும்மா நடக்கேல்ல. 1978ல கார்ட்டர் ஜனாதிபதியா இருக்கேக்க கையெழுத்து வைச்ச பிறகுதான் வீட்டில பியர் காய்ச்சிறது மத்திய சட்டத்தில குற்றமில்லாமல் போனது, அதுக்குப் பிறகுதான் போட்டி, கிளப் எல்லாம் வளந்தது. இங்கிலாந்தில வீட்டில காய்ச்ச லைசன்ஸ் வேணும் எண்ட விதியை 1963ல நீக்கிவிட்டவங்கள். அவையளுக்குச் சட்டம் முதல் வந்தது, போட்டி பிறகு வந்தது. நீங்கள் பின்பக்கத்தால ஏறப் பாக்கிறியள்.

ஜிஞ்சர் பியர் மட்டும் எண்டா வேற கதை, செய்யலாம். ஆனா விதிமுறையில "மதுசாரப் பானம் ஏற்கப்படாது, சந்தேகமான போத்தல் திறக்காமலே திருப்பித் தரப்படும்" எண்டு தடிச்ச எழுத்தில போடுங்கோ. பீ.எச்.ஐ.க்கும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) முதலே ஒரு கடிதம் குடுத்து வையுங்கோ, ஹோலுக்கு வாற சனத்துக்கும் ருசி பாக்கக் குடுக்கிற எண்ணம் இருந்தா கட்டாயம்.

குட்டித்தீவு:

கசிப்புப் (கள்ளச் சாராயப்) பிரிவு வைச்சா பரிசு குடுக்கப் பொலிசே வருவாங்கள், பிரதம விருந்தினர் செலவு மிச்சம் 😂

மெல்பேர்ன் ரிட்டேர்ன்:

நான் அங்க கன வருசம் இருந்திட்டு வந்தனான், ஹோம்ப்ரூ, அதான் வீட்டில பியர் காய்ச்சிறவையின்ர, கிளப் போட்டியள்ல முதல்ல ஸ்டூவர்டா (ஜட்ஜ்மாருக்கு ஊத்திக் குடுத்து உதவிற ஆளா) நிண்டு பிறகு ஜட்ஜ் மேசையில இருந்தனான், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்றன் பொறுத்துக்கொள்ளுங்கோ.

பிரபலங்கள் வேண்டாம். இல்லாட்டி பரிசு குடுக்க மட்டும் கூப்பிடுங்கோ. வீட்டில செய்யிற ஆக்கள் போட்டிக்கு வாறது கப்புக்கு எண்டு நினைக்கிறியள், அது இல்லை, தன்ர சாமானைத் தெரியாத ஆள் ஒருத்தர் குடிச்சிட்டு உண்மையா என்ன சொல்லுறார் எண்டு அறியத்தான் வாறவை. வீட்டுக்காரர் எல்லாம் நல்லா இருக்கு எண்டுதானே சொல்லுவினம். அதால ஒவ்வொரு போத்தலுக்கும் எழுதின தாள் ஒண்டு திருப்பிப் போகோணும், வெண்டவருக்கும் கடைசியா வந்தவருக்கும். இதைச் செய்யாட்டி அடுத்த வருசம் ஒருத்தரும் வராது, செய்தா நீங்கள் விளம்பரம் போடாமலே வருவினம்.

பியருக்கு பி.ஜே.சி.பி. எண்டு ஜட்ஜ்மாருக்குத் தேர்வு வைச்சுச் சான்றிதழ் குடுக்கிற ஒரு அமைப்பு இருக்கு, 1985ல தொடங்கினது, அவையின்ர தாள் 50 புள்ளிக்கு. மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாய்க்குள்ள இருக்கிற தன்மை 5, மொத்த அபிப்பிராயம் 10. பாருங்கோ தோற்றத்துக்கு மூண்டே மூண்டுதான். எங்கட ஆக்கள் போத்தலுக்கு ரிப்பன் கட்டிக் கொண்டு வருவினம், அதுக்கு ஒரு புள்ளியும் இல்லை, சொல்லப்போனா ரிப்பன் கட்டினா ஆரின்ர எண்டு தெரிஞ்சிடும், அவிட்டு விடோணும். ஜிஞ்சர் பியருக்கு இந்தத் தாளை அப்பிடியே எடுக்கலாம், வாய்க்குள்ள தன்மை எண்டதில காஸும் இஞ்சி உறைப்பும் வரும், அதுக்கு 5 காணாது, நான் எண்டா 10 குடுத்து மணத்தில கொஞ்சம் குறைப்பன்.

குருட்டு ஜட்ஜிங்தான் முழு விசயமும். போத்தல் வாங்கிற இடத்திலேயே நம்பர் ஒட்டி பேர் லிஸ்டை ஒரு ஆள் மட்டும் வைச்சிருக்கோணும், அவர் ஹோலுக்குள்ள வரவே கூடாது. பின் அறையில ஊத்தி கப்பில நம்பரோட மேசைக்கு வரோணும், போத்தல் வெளியால வரக்கூடாது. ஒரு மேசைக்கு ரெண்டு மூண்டு பேர், ஆளாளுக்குக் கதைக்காமல் எழுதி முடிச்சிட்டுப் பிறகுதான் வாய் திறக்கிறது. ரெண்டு பேருக்கும் 7 புள்ளிக்கு மேல வித்தியாசம் வந்தா திருப்பிக் குடிச்சுப் பாத்துக் கதைச்சுக் கிட்டக் கொண்டு வரோணும். முதலே கதைக்க விட்டா சத்தமாக் கதைக்கிற ஆளின்ர நாக்குத்தான் ஜட்ஜ். உங்கட கம்பனி ஆக்கள் ஒருத்தரும் மேசையில இருக்கக்கூடாது, முதலாளி உட்பட, அவரிட்ட நீங்களே சொல்லுங்கோ.

கணக்குப் பாத்தா 40 போத்தல், ஒண்டுக்கு 10 நிமிசம், மூண்டு மேசை போட்டா மேசைக்கு 13, 14 வரும், ரெண்டே கால் மணித்தியாலம். பியர் எண்டா ஒரு இருப்பில 10, 12 குடிப்பம், ஆனா இஞ்சி அப்பிடி இல்லை, மிளகாய் உறைக்கிற அதே நரம்பிலதான் இஞ்சியும் பிடிக்குது, ஏறிக்கொண்டே போகும், எட்டாவது கப்பில ஒண்டும் விளங்காது. ஆறு ஏழோட நிப்பாட்டி, தச்சுப் பாணும் தண்ணியும் குடுத்து அரை மணித்தியாலம் விட்டிட்டு மிச்சத்தத் தொடங்குங்கோ. உறைப்புக் குறைஞ்சதில இருந்து கூடினதுக்குப் போற மாதிரி ஊத்தோணும், விண்ணப்பத்திலேயே உறைப்பு எவ்வளவு எண்டு கேட்டு வையுங்கோ. அண்டைக்குக் காலமை ஜட்ஜ்மாருக்கு இடிசம்பலும் பாணும் குடுத்திடாதேங்கோ தயவுசெய்து.

இன்னொண்டு, இதை ஒருத்தரும் யோசிக்க மாட்டினம். இங்க எல்லாற்ற நாக்கிலயும் யானை மார்க் ஈ.ஜீ.பி.தான் இருக்கு, சின்னனில இருந்து குடிச்சு அதுதான் ஜிஞ்சர் பியர் எண்டு மூளை எழுதி வைச்சிருக்கு. வீட்டில செய்யிறது கலங்கலா, கொஞ்சம் புளிப்பா, கராம்பு மணத்தோட வரும். நீங்கள் எதைத் தேடுறியள் எண்டு அரைப் பக்கத்தில எழுதி முதலே எல்லாருக்கும் குடுக்காட்டி, கடைச் சாமான் மாதிரி இருக்கிறதுக்குப் புள்ளி போய் நல்ல வீட்டுச் சாமான் வெளியில நிக்கும்.

ரீட்டா அன்ரி, கொட்டாஞ்சேனை:

தம்பி நான் அம்மாட்டப் பழகினனான், எங்கட ஒழுங்கையில நத்தாருக்கு லவ் கேக் மாதிரி இதுவும் எல்லா வீட்டிலயும் இருக்கும். இஞ்சி இடிச்சு சீனியோட அவிச்சு ஆறவிட்டு, தேசிக்காய், கராம்பு, கறுவா, பிளம்ஸ் (உலர் திராட்சை) கொஞ்சம், ஈஸ்ட் ஒரு நுள்ளு, அவ்வளவுதான், பிளம்ஸ் மேல மிதந்து வந்தா சரி. இஞ்சி விக்கிற விலைக்கு இப்ப கனபேர் குறைச்சுப்போட்டு மிளகு சேத்து உறைப்பேத்தினம், அதையும் உங்கட ஜட்ஜ்மார் கண்டுபிடிக்கோணும்.

நான் சொல்ல வந்தது வேற. இதை நல்லாச் செய்யிற ஆக்கள் எல்லாம் என்னைப் போல கிழவியள். உங்கட போர்ம லிங்கில போட்டா நாங்கள் நிரப்ப மாட்டம், பேரப்பிள்ளை வீட்டில நிண்டாத்தான் உண்டு. கோயில் நோட்டிஸ் போர்ட்டில கடதாசி ஒட்டுங்கோ, வட்ஸப் நம்பர் ஒண்டு போடுங்கோ, வொயிஸ் மெசேஜ்ல பேர் சொன்னாக் காணும் எண்டு விடுங்கோ. போத்தல நாங்கள் வெள்ளவத்தைக்குக் கொண்டு வர ஏலாது, பஸ்ஸில குலுங்கிக் குலுங்கி வந்தா நானும் போத்தலும் சேந்து வெடிப்பம். இங்க ஒரு இடத்தில முதல் நாள் வந்து எடுங்கோ, ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில கொண்டு போங்கோ. காசு வாங்காதேங்கோ, இஞ்சியும் சீனியும் நாங்கள்தானே போடுறம்.

மெல்பேர்ன் ரிட்டேர்ன்:

அன்ரி சொல்றது சரி, காசு விசயத்தில மட்டும் எனக்கு வேற அபிப்பிராயம். ஒண்டும் வாங்காட்டி 80 பேர் பேர் குடுத்து 25 பேர் வருவினம், நீங்கள் மேசையும் ஆக்களும் ஒழுங்கு பண்ணி வைச்சிட்டு முழிப்பியள். சின்னத் தொகை ஒண்டு வாங்கி, போத்தல் குடுக்கேக்க திருப்பிக் குடுங்கோ. இல்லாட்டி காசுக்குப் பதிலா வெறும் போத்தல் மூண்டை நீங்களே முதல் குடுங்கோ, அது இன்னும் நல்லம், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஆரின்ர எண்டும் தெரியாது. மூண்டு ஏன் எண்டா ஒண்டு மேசைக்கு, ஒண்டு கடைசிச் சுற்றுக்கு, ஒண்டு கையிருப்புக்கு.

லெப் கோட்டுக்காரி:

போத்தல் நீங்களே கொடுங்கன்னு சொன்னது ரொம்ப முக்கியம், அதோட அது கண்ணாடியா இருக்கக்கூடாது, சோடா வர்ற பிளாஸ்டிக் போத்தலா இருக்கணும். நான் உணவு ஆய்வுகூடத்துல வேலை செய்றேன், கணக்கு சொல்றேன். ஒரு லீட்டர்ல 4 கிராம் சீனி புளிச்சா ஏறக்குறைய ஒரு வொலியூம் காஸ் வரும், அதாவது ஒரு லீட்டர் தண்ணிக்கு ஒரு லீட்டர் காஸ். கடை சோடாவுல மூணரை, நாலு இருக்கும். வீட்டு ரெசிப்பியில லீட்டருக்கு 80, 100 கிராம் சீனி போடுறாங்க, மூடின போத்தலுக்குள்ள அது முழுக்க புளிச்சா 20 வொலியூம் தாண்டும், அதுக்கு எந்த போத்தலும் தாங்காது. ஃபிரிட்ஜ்ல வச்சா ஈஸ்ட் கிட்டத்தட்ட தூங்கிடும், ஆனா கொழும்பு சூட்டுல ஒரு நாள் மத்தியானம் மேசையில இருந்தாலே நிலைமை மாறிடும். பிளாஸ்டிக்னா கையால அமுக்கி பார்க்கலாம், கல்லு மாதிரி இருந்தா வாங்குற இடத்துலயே மெதுவா காஸ திறந்து விட்டுட்டு குளிருக்குள்ள வச்சிடலாம். பழைய சாராய போத்தல்ல கார்க் அடிச்சு நூல் கட்டி யாராவது கொண்டு வந்தா வாங்கவே வேணாம், எவ்வளவு கெஞ்சினாலும்.

லோயர் ஐயாவுக்கும் இந்த கணக்குலயே ஒரு விஷயம் இருக்கு. ஈஸ்ட் காஸ் விடும்போது கூடவே மதுசாரமும் விடும். லீட்டருக்கு 17 கிராம் சீனி புளிச்சா ஏறக்குறைய 1 வீதம். மூணு வொலியூம் காஸுக்கு 12 கிராம் போகும், அதுனால நல்லா காஸ் புடிச்ச வீட்டு ஜிஞ்சர் பியர்ல முக்கால் வீதத்துக்கு கிட்ட இருக்கும், கூட நாள் விட்டா மேல போகும். 100 கிராமும் திறந்த பாத்திரத்துல முழுசா புளிச்சதுன்னா ஆறு வீதம், அது பியரே தான். அதுனால "ஈஸ்ட் போட்டு இத்தனை நாளுக்கு மேல வெளிய வைக்கக்கூடாது, உடனே குளிர்ல வைக்கணும்"னு விதியில எழுதுங்க, ஹைட்ரோமீட்டர் (சீனி எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அளக்குற கருவி) ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க, ஆரம்பத்துல எவ்வளவு சீனி போட்டாங்கன்னு ஃபோர்ம்ல கேட்டுட்டா வர்ற போத்தல்ல எவ்வளவு புளிச்சிருக்குன்னு சுமாரா தெரிஞ்சிடும்.

தெமட்டகொட நானா:

இத வாசிச்ச பொறகு எனக்கு ஒரு விசயம் சொல்லியே ஆகணும். எங்கட ஆக்கள்ல ஜிஞ்சர் பியர் குடிக்காத ஆள் இல்ல, நோன்பு காலத்துல சோடாவோட சேத்து வாங்குறதே அதத்தான். ஆனா ஈஸ்ட் போட்டுப் புளிக்க வெச்சது எண்டு தெரிஞ்சா கனபேர் கிட்டயும் வரமாட்டாங்க, அந்த முக்கால் வீதக் கதைய மறைச்சு வெச்சுப் பொறகு தெரிய வந்தா உங்கட பிராண்ட்ட எங்கட ஏரியாவுல ஒரு கடையும் தூக்காது. ரெண்டு பிரிவா வைங்க. ஒண்டு புளிக்க வெச்சது, மத்தது இஞ்சிப் பாகு காய்ச்சி சோடா ஊத்துறது. எங்கட உம்மா செய்ற பாகு, இஞ்சி தோலோட அரச்சு, தேசிக்கா, கொஞ்சம் ஏலக்கா, சுடச்சுட வடிச்சு எடுக்குற, அது ஒரு போட்டிக்கும் தோக்காது. மேசையும் வேற, கப்பும் வேற, ஜட்ஜும் வேற ஆளா இரிக்கட்டும். கப்புலயே பெரிசா எழுதி ஒட்டிருங்க எது எதுண்டு.

சோடாக்காரன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி, இதில பாதி எங்கட ஒபிசில ஒருத்தற்ற வாயிலயும் வரேல்ல. ரெண்டு பிரிவு எண்டது முடிவு. சொல்லப்போனா பாகுப் பிரிவுதான் எங்கட பக்டரிக்குச் சரிவரும் போல கிடக்கு. இப்ப மிச்சம் இருக்கிறது பரிசு. முதலாளி "வெண்ட ரெசிப்பிய எங்கட லேபல்ல நாடு முழுக்க விடுவம்" எண்டு போஸ்டர் அடிக்கச் சொல்லுறார், ரெசிப்பி முழுக்க விண்ணப்பத்திலேயே எழுதி வாங்கச் சொல்லுறார். அது சரியோ?

புதுக்கடை லோயர்:

சரியில்லை. 40 பேரிட்ட ரெசிப்பி வாங்கி வைச்சிட்டு ஒருத்தருக்குப் பரிசு குடுத்தா மிச்ச 39 பேரும் ரெண்டு வருசம் கழிச்சு நீங்கள் என்ன புதுச் சாமான் விட்டாலும் அது தங்கட எண்டுதான் சொல்லுவினம், அதில ஒருத்தர் உண்மையாவே சரியாவும் இருக்கலாம். 2003ம் ஆண்டு புலமைச் சொத்துச் சட்டத்தில வெளிப்படுத்தாத தகவலுக்கும் பாதுகாப்பு இருக்கு, அதால உங்களுக்குத் தேவையில்லாத இரகசியத்தைக் கையில வாங்காமல் இருக்கிறதுதான் உங்களுக்கும் நல்லம். விண்ணப்பத்தில என்னென்ன சாமான் போட்டது, ஒவ்வாமை வரக்கூடியது ஏதும் இருக்கோ, எவ்வளவு சீனி, எப்ப ஈஸ்ட் போட்டது, இவ்வளவும் காணும். அளவும் முறையும் வேண்டாம். வெண்ட ஆளோட மட்டும் பிறகு தனியா இருந்து ஒப்பந்தம் எழுதுங்கோ, எவ்வளவு காசு, பேர் போடுறதா, எத்தினை போத்தல், எவ்வளவு காலம் எண்டு. அவர் மாட்டன் எண்டாலும் பரிசு அவருக்குத்தான் எண்டு விதியில இருக்கோணும்.

லெப் கோட்டுக்காரி:

நாடு முழுக்கன்னு வாக்கு கொடுக்காதீங்க. உயிரோட ஈஸ்ட் இருக்குற சாமான கடை ரேக்குல வைக்க முடியாது. கொதிக்க வச்சு, காஸ் ஏத்தி, மூணு மாசம் ஆறு மாசம் தாங்குற மாதிரி மாத்தினா அன்னிக்கு ஜட்ஜுங்க குடிச்ச ருசி அதுல இருக்காது, ஜெயிச்சவங்களே இது என்னோடது இல்லன்னு சொல்லுவாங்க. சீனியும் பாருங்க, 2016லருந்து கலர் அடையாளம் போடணுமே, 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல போனா சிவப்பு, 2லருந்து 11 வரைக்கும் அம்பர், அதுக்கு கீழ தான் பச்சை. வீட்டு பாகுல தாராளமா சிவப்பு வரும். ஒரே ஒரு பேட்ச், குளிர்ல வச்சு விக்கிறது, சனிக்கிழமை சந்தை மாதிரி இடத்துல அவங்க பேர் போட்டு, அப்படின்னா செய்யலாம், அவங்கள பக்டரிக்கு கூப்பிட்டு கூட நின்னு ருசி பார்க்க வச்சா இன்னும் நல்லது.

மெல்பேர்ன் ரிட்டேர்ன்:

இதை ஆமோதிக்கிறன். சாமுவெல் அடம்ஸ் பியர்க் கம்பனி 1996ல லோங்ஷொட் எண்டு தொடங்கினது, உங்கட முதலாளி கேள்விப்பட்டது அதாத்தான் இருக்கோணும், வெண்டவற்ற பியர அவையே காய்ச்சிக் கடைக்கு விட்டவை. அது அவ்வளவு பேர் எடுத்ததுக்குக் காரணம் கம்பனிப் பேருக்குப் பக்கத்தில காய்ச்சின ஆளும் தெரிஞ்சதுதான் எண்டு நான் நினைக்கிறன். உங்கட பிராண்ட் போஸ்டர்ல ஒரு மூலையில இருந்தாக் காணும். ஹோல் முழுக்க பனர் கட்டி, ஜட்ஜ்மாருக்கு ரீசேர்ட் போட்டு, நடுவில உங்கட ஜிஞ்சர் பியர் விளம்பரம் ஓட்டினா, வந்த ஆக்கள் தாங்கள் உங்கட விளம்பரத்துக்கு இலவசமா நடிக்க வந்ததா நினைப்பினம். அந்தக் காசில நல்ல குளிர்ப்பெட்டி ரெண்டை வாடகைக்கு எடுங்கோ.

சோடாக்காரன்:

ஒரு பேட்ச், பேர் போட்டு, தனி ஒப்பந்தம். முதலாளிக்கு நாளைக்கு இதை அப்பிடியே பிரிண்ட் எடுத்துக் குடுக்கிறன், பனர் கதையை மட்டும் கொஞ்சம் மெதுவாச் சொல்லோணும். ஜட்ஜுக்கு ஆக்கள் வேணும். மெல்பேர்ன் அண்ணா ஒரு பின்னேரம் வந்து மேசை ஆக்களுக்குப் பழக்கிவிடுவியளோ? ரீட்டா அன்ரி நீங்களும் புளிக்க வைச்ச பிரிவுக்கு ஜட்ஜா வாங்கோவன்.

ரீட்டா அன்ரி, கொட்டாஞ்சேனை:

அப்ப என்ர போத்தல் போட ஏலாதே? எனக்கு ஜட்ஜ் வேலை வேண்டாம், நான் வெல்லத்தான் வாறன்.

மெல்பேர்ன் ரிட்டேர்ன்:

பழக்கிறதுக்கு வாறன், கடையில விக்கிற நாலைஞ்சு ஜிஞ்சர் பியர் வாங்கி வையுங்கோ, ஒண்டில கொஞ்சம் வினாகிரி, ஒண்டில ஈஸ்ட் கூட, ஒண்டைக் காஸ் போகவிட்டு, பிழையள் எப்பிடி இருக்கும் எண்டு காட்டுவம்.

அன்ரி ரெண்டும் செய்யலாம், அங்கயும் ஜட்ஜ்மார் தங்கட போத்தல் போடுறவைதான், தங்கட பிரிவு மேசையில மட்டும் இருக்க விடமாட்டினம். உங்களைப் பாகு மேசையில இருத்துவம். நானா, உம்மாவின்ர பாகு வருகுதெண்டா முதலே சொல்லிப்போடாதேங்கோ, நம்பரோட வரட்டும்.